வாசலுக்கு மேல ஒரு தட்டைத் தளம்: அதை எது பிடிச்சிருக்கு?

வீடு கட்டி குடி வந்து கொஞ்ச வருஷம் ஆனதுக்கு அப்புறம்தான் நிறைய பேருக்கு வாசல் கண்ணுல படுது. ஐப்பசி மழையில நிலைக்கதவு ஊறி உப்பிப்போய் சாத்த முடியாம இடிக்கும், சித்திரை வெயில்ல பாலிஷ் வெளுத்துப்போகும், செருப்பு ஸ்டாண்டு நனையும், பார்சல் கொண்டு வர்ற பையன் ஒதுங்கி நிக்கக்கூட இடம் இருக்காது. உடனே மேஸ்திரிக்கு போனைப் போட்டா "அதுக்கென்ன சார், சுவத்துல நாலு ஓட்டை போட்டு கம்பிய நட்டு ஒரு நாலடி தளம் இழுத்து விட்டுடலாம், ரெண்டு நாள் வேலை"ம்பாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரும் "எங்க மச்சான் வீட்ல அப்படித்தான் போட்டாங்க, ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லுவாரு. நாலு கம்பி நட்டா நிக்குமா நிக்காதா, நின்னா எதனால நிக்குது, விழுந்தா எதனால விழுது, இதை யாரும் முழுசா சொல்றதில்ல, அதனாலதான் இதை எழுதுறேன்.

எதைப் பத்திப் பேசுறோம்னு முதல்ல தெளிவாக்கிடுவோம். ஜன்னலுக்கு மேல ஒன்றரை ரெண்டு அடி நீட்டிக்கிட்டு இருக்கிறது சன்ஷேடு, சில இடத்துல சஜ்ஜாம்பாங்க. கார் நிக்கிற அளவுக்கு பில்லர் வச்சு முன்னாடி இழுத்தா போர்டிகோ. நான் சொல்ல வர்றது ரெண்டுக்கும் நடுவுல உள்ளது. வாசலுக்கு மேல மூணுலேர்ந்து அஞ்சு அடி வரைக்கும் நீட்டி, கீழ தூண் எதுவும் இல்லாம தட்டையா நிக்கிற கேனோபி. எலிவேஷன், அதாவது வீட்டு முகப்பு போட்டோ எல்லாத்துலயும் அழகா மெல்லிசா இருக்குமே, அதுதான். பார்க்க சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனா ஹால் தளத்துல நடக்கிற தப்பைவிட இதுல நடக்கிற தப்பு ஆபத்து, ஏன்னா ஹால் தளத்துக்கு நாலு பக்கமும் தாங்கல் இருக்கு, ஒரு பக்கம் சொதப்பினாலும் மத்த மூணு பக்கம் கொஞ்ச நாள் சமாளிக்கும். இதுக்கு இருக்கிறதே ஒரு பக்கம். அதுவும் தினமும் நாம நடந்து போற இடத்துக்கு நேர் மேல.

தண்ணி பக்கெட்டைத் தூக்கிப் பாருங்க

தண்ணி நிறைஞ்ச பக்கெட்டை கைய தொங்கவிட்டு தூக்கினா பெருசா ஒண்ணும் தெரியாது. அதே பக்கெட்டை கைய நேரா முன்னாடி நீட்டிப் பிடிங்க. எடை ஒரு கிராம்கூட கூடல, ஆனா பத்து எண்ணுறதுக்குள்ள கை நடுங்க ஆரம்பிச்சுடும். எங்க வலிக்குதுன்னு கவனிச்சா தோளோட மேல்பக்கம், அங்க உள்ள சதைதான் இழுத்துப் பிடிச்சிட்டு இருக்கு. இன்னொண்ணும் நடக்கும், உங்களை அறியாமலே உடம்பு பின்னாடி சாயும். சாயலைன்னா பக்கெட்டோட சேர்ந்து நீங்களும் முன்னாடி போயிடுவீங்க.

கேனோபியும் நீட்டின கைதான். ஒரு முனையில மட்டும் பிடிப்பு, மறுமுனை அந்தரத்துல, இப்படி நிக்கிற எதுக்கும் கான்டிலீவர்னு பேரு. அது எவ்வளவு எடைங்கிறது மட்டும் கேள்வி இல்ல, அந்த எடை பிடிப்புலேர்ந்து எவ்வளவு தூரத்துல இருக்குங்கிறதும் சேர்ந்துதான் சுவத்தைப் படுத்தும். எடையையும் தூரத்தையும் பெருக்கினா வர்றது திருப்புத்திறன், ஸ்கூல் சயின்ஸ் புத்தகத்துல நெம்புகோல் பாடத்துல வந்ததுதான். தளத்தோட மேல்பக்கம் இழுபடும், கீழ்பக்கம் அமுங்கும். கடைசியா, இதுதான் எல்லாரும் விட்டுடுற விஷயம், உடம்பு பின்னாடி சாய்ஞ்ச மாதிரி இங்கயும் பின்னாடி ஏதோ ஒண்ணு எதிர்ப்பக்கமா அழுத்திப் பிடிக்கணும்.

அதனால கேனோபிய ஒட்டியிருக்கிற இடம் பிடிக்கல, அதுக்குப் பின்னாடியும் மேலயும் இருக்கிறதுதான் பிடிக்குது. மேஸ்திரிகிட்ட "எத்தனை கம்பி போடுவீங்க"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "பின்னாடி எது பிடிக்கும்"னு கேக்கணும்.

ரெண்டடி நிக்குது, நாலடி ஏன் நிக்காது

"ஜன்னல் சன்ஷேடு இத்தனை வருஷமா நிக்குதே, அதே மாதிரி இதையும் போட்டா என்ன?" இந்தக் கேள்வி நியாயமானது. வாயால பதில் சொல்றதைவிட கணக்கு போட்டுடலாம், கூட்டல் பெருக்கல் தெரிஞ்சா போதும்.

கம்பியோட சேர்ந்த காங்கிரீட் ஒரு கன மீட்டருக்கு சுமார் 2500 கிலோ, நம்ம அடிக் கணக்குல ஒரு கன அடிக்கு 70 கிலோன்னு வச்சுக்கலாம். 6 அடி அகலம், 2 அடி நீட்டம், 3 இன்ச் கனம் உள்ள சன்ஷேடு 3 கன அடி, அதாவது 210 கிலோ. அந்த எடையோட மையம் சுவத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி இருக்கு. திருப்புத்திறன் 210.

இது முன்னாடி கவிழப் பார்க்கும்போது சுவரோட வெளி விளிம்புதான் கீல். லிண்டல்ங்கிறது ஜன்னலுக்கு மேல குறுக்க ஓடுற காங்கிரீட் கட்டை, சன்ஷேடு அதோட சேர்ந்துதான் இருக்கு. கவிழ்றதை எதிர்த்துப் பிடிக்கிறது அந்த லிண்டலுக்கு மேல உட்கார்ந்திருக்கிற செங்கல் சுவரோட எடை. சுவர் 9 இன்ச்னா அதோட மையம் வெளி விளிம்புலேர்ந்து நாலரை இன்ச் உள்ள, அடிக்கணக்குல 0.375. ஆக 210-ஐ சமாளிக்க 560 கிலோ சுவர் மேல இருக்கணும். செங்கல் சுவர் கன அடிக்கு 55 கிலோன்னு வச்சா, 8 அடி நீள லிண்டல் மேல ஒவ்வொரு அடி உயரத்துக்கும் 330 கிலோ ஏறும். லிண்டலுக்கும் தளத்துக்கும் நடுவுல ரெண்டரை அடி சுவர் இருந்தாலே 800 கிலோவுக்கு மேல வந்துடும். போதும், கையில கொஞ்சம் மிச்சமும் இருக்கு. சன்ஷேடு நிக்கிற ரகசியம் இவ்வளவுதான், மேல உள்ள சுவர் அதோட வாலை மிதிச்சுக்கிட்டு இருக்கு.

இப்ப அதே 6 அடி அகலத்துல 4 அடி நீட்டுங்க. நீட்டம் கூடினா கனமும் கூடணும், சராசரியா 5 இன்ச்னு வைப்போம். 10 கன அடி, 700 கிலோ. மையம் 2 அடி தள்ளி. திருப்புத்திறன் 1400. நீட்டம் ரெண்டு மடங்குதான் ஆச்சு, கவிழ்க்கிற திறன் கிட்டத்தட்ட ஏழு மடங்கு ஆயிடுச்சு பாருங்க. இதைப் பிடிக்க 3700 கிலோவுக்கு மேல வேணும், அதாவது லிண்டலுக்கு மேல 11 அடிக்கும் கூடுதலா சுவர். அதுவும் அப்படியே விளிம்புல நிக்கிற கணக்கு, பாதுகாப்புக்குன்னு ஒண்ணும் சேர்க்கல, பூச்சு வேலை, தட்டோடு, மேல ஏறுற ஆள் எதையும் சேர்க்கல. உங்க வீட்ல லிண்டலுக்கு மேல இருக்கிறது ரெண்டரை மூணு அடி. பழைய சுமைதாங்கிச் சுவர் வீடுன்னா மேல தளத்தோட எடையும் சேர்ந்து கொஞ்சம் கைகொடுக்கும். பில்லர் பீம் போட்டு கட்டின வீட்ல அதுவும் கிடையாது, தளத்தோட எடை பூரா பீம் வழியா பில்லருக்குப் போயிடும், நடுவுல உள்ள சுவர் சும்மா இடத்தை அடைக்கத்தான், நிறைய வீட்ல முன்பக்கச் சுவரே நாலரை இன்ச்தான் இருக்கும்.

அப்போ போட்டோல நாலடி அஞ்சடி எல்லாம் நிக்குதே? நிக்கும், வீடு கட்டும்போதே போட்டா நிக்கும். அப்ப வீட்டுக்குள்ள உள்ள தளமும் வெளிய நீட்டுற தளமும் ஒரே காங்கிரீட், மேல்கம்பி உள்தளத்துக்குள்ள ரொம்ப தூரம் ஓடும். நீட்டம் எவ்வளவோ அதுல ஒன்றரை மடங்கு உள்ள விடுறது பழக்கம், 4 அடி வெளியன்னா 6 அடி உள்ள. கவிழணும்னா வீட்டுக்குள்ள உள்ள தளத்தையே தூக்கிக்கிட்டுத்தான் கவிழணும்.

சுருக்கமா, ரெண்டடி சன்ஷேடை மேல உள்ள சுவர் பிடிக்கும். நாலடி கேனோபிய உள்ள உள்ள தளம் பிடிக்கணும், இல்லைன்னா வேற ஏதாவது பிடிக்கணும். லிண்டலும் அதுக்கு மேல உள்ள சின்னச் சுவரும் மட்டும் போதாது.

கம்பி மேலயா கீழயா

காங்கிரீட்டை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தா உடனே விரிஞ்சுடும், இழுவையில அதோட பலம் அமுக்கத்துல உள்ளதுல பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான். அதனால எந்தப் பக்கம் இழுபடுதோ அந்தப் பக்கம் கம்பி வைக்கிறோம். ஆர்சிசி-யோட, அதாவது கம்பி போட்ட காங்கிரீட்டோட, முழு தத்துவமும் இதுதான்.

ரெண்டு பக்கமும் தாங்கல் உள்ள சாதாரணத் தளம் நடுவுல தொய்யும், கீழ்பக்கம் இழுபடும், கம்பி கீழ. கான்டிலீவர்ல நுனி தொங்கும், மேல்பக்கம் இழுபடும், கம்பி மேல. இது தலைகீழ். வாழ்நாள் முழுக்க ரூம் தளமா கட்டிப் பழகின கை பழக்கதோஷத்துல கீழ கட்டிட்டுப் போயிடும், பார்க்கிறவங்களுக்கும் "கம்பி இருக்கு"ன்னுதான் தெரியும். கீழ எத்தனை கம்பி போட்டாலும் மேல்பக்கம் வெறும் காங்கிரீட்தான், முட்டு பிரிச்ச அன்னிக்கே சுவத்தோரமா பிளந்துக்கும். கம்பி தடிமனா போட்டோம் நெருக்கமா போட்டோம்னு சொல்றதெல்லாம் இடம் சரியா இருந்தாத்தான் பேச்சு.

சரி, மேலதான் கட்டியிருக்காங்க, அத்தோட நிம்மதியான்னா இல்ல. 4 இன்ச் தளம்னா 100 மில்லிமீட்டர். மேல 20 மில்லி கவர், அதாவது கம்பிய மூடுற காங்கிரீட், விட்டு 8 எம்எம் கம்பி வச்சா, தளத்தோட அடியிலேர்ந்து கம்பியோட மையம் 76 மில்லி உயரத்துல இருக்கும். இந்த உயரம்தான் அந்தக் கம்பிக்கு உள்ள பிடி, வேலைக்கு உதவுற கனம்னு வச்சுக்குங்க. காங்கிரீட் போடுற அன்னிக்கு சித்தாள் சட்டியோட கம்பி மேல ஏறி நடப்பாங்க, வேற வழி இல்ல. கம்பி ஒரு இன்ச் அமுங்கினா 76-ல 25 போச்சு. மூணுல ஒரு பங்கு பலம் ஒரே மிதியில காலி, காங்கிரீட் மூடினப்புறம் யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் கம்பிய வளைச்சு சேர்னு ஒண்ணு செஞ்சு மேல்கம்பிக்கு அடியில நிறுத்துவாங்க. வாசல் கேனோபிக்கு அதை வைக்கிறவங்க ரொம்பக் கம்மி, "சின்ன வேலைதானே"ன்னு ஜல்லிய அண்டை கொடுத்து விட்டுடுவாங்க. சேர் வைங்க, நடக்க மேல ஒரு பலகை போடுங்க, காங்கிரீட் கொட்டும்போது பக்கத்துல நின்னு கம்பி உசரத்தை டேப் வச்சுப் பாருங்க. மொத்த வேலையிலயும் வீட்டுக்காரர் நிக்க வேண்டிய நேரம் அந்த ஒரு மணி நேரம்தான், அப்ப போய் டீ வாங்க கிளம்பாதீங்க.

கனம் எவ்வளவுங்கிறதுக்கு நம்ம நாட்டு காங்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456-ல ஆரம்ப அளவு ஒண்ணு உண்டு. ரெண்டு பக்கமும் தாங்கல் உள்ளதுக்கு நீளத்துல 20-ல ஒரு பங்கு, கான்டிலீவருக்கு 7-ல ஒரு பங்கு. கம்பி அளவைப் பொறுத்து இதைக் கொஞ்சம் தளர்த்த முடியும், அது இன்ஜினியர் பாடு. நாலடிக்கு 7-ல ஒரு பங்குன்னா கிட்டத்தட்ட 7 இன்ச் வருது, அதனாலதான் நல்லா வரைஞ்ச பிளான்ல சுவத்தோரம் 6, 7 இன்ச்சும் நுனியில 4 இன்ச்சுமா சரிவா குறைச்சுக்கிட்டே போவாங்க. நுனியில எடை குறையுது, பிடிப்புல பலம் கூடுது, முன்னாடி நின்னு பார்க்கிறவங்களுக்கு மெல்லிசாவும் தெரியும்.

இதுல பெரிய ஆளுங்களே சறுக்கியிருக்காங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல அருவிக்கு மேல பிரபல ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டின ஃபாலிங்வாட்டர் வீடு, 1930கள்ல கட்டினது, கான்டிலீவர்னாலே எல்லாரும் காட்டுற போட்டோ அதுதான். கட்டும்போதே கம்பி பத்தாதுன்னு பயந்து அவர் சம்மதம் இல்லாமலே இன்ஜினியருங்க கூடுதலா கம்பி சேர்த்தாங்க, அப்படியும் பால்கனி நுனி வருஷக்கணக்குல தொய்ஞ்சுக்கிட்டே போய் கிட்டத்தட்ட 7 இன்ச் இறங்கிடுச்சு. 2002-ல ஸ்டீல் கேபிள் போட்டு இறுக்கித்தான் நிறுத்தினாங்க.

கட்டி முடிச்ச வீட்டுல சேர்க்கணும்னா

இப்ப மேஸ்திரி சொன்ன "நாலு ஓட்டை"க்கு வருவோம். சுவத்துலயோ லிண்டல்லயோ ட்ரில் போட்டு, எபாக்சி பசை ஊத்தி கம்பிய நடுறதை ரீபாரிங்கும்பாங்க. முறையான வேலைதான், பெரிய பெரிய கட்டடத்துல எல்லாம் செய்றாங்க. ஓட்டையில உள்ள தூசிய பிரஷ் போட்டு ஊதி எடுத்துட்டு சரியான ஆழத்துல நட்டா பசை கம்பிய விடாது. ஆனா கேள்வி பசைய பத்தி இல்ல. கம்பி லிண்டலை விடாது சரி, லிண்டல் சுவத்தோட நிக்குமா? மேல போட்ட கணக்குதான் இதுக்கும். கம்பி, பசை, லிண்டல் எல்லாம் ஒண்ணா சேர்ந்து உருளப் பார்க்கும், மேல உள்ள ரெண்டரை அடி சுவர் அதைப் பிடிக்காது. செங்கல்லயே நேரா நட்டா அந்த அளவுக்குக்கூட போகாது, கல்லோட பிச்சுக்கிட்டு வரும். பில்லர் வீட்ல நல்ல அகலமான பீம் சரியான உயரத்துல இருந்து, அதுக்குப் பின்னாடியே தளமும் இருந்தா செய்ய வழி உண்டு, ஆனா அது இன்ஜினியர் வந்து பார்த்து, பீம் எவ்வளவு முறுக்கைத் தாங்கும்னு கணக்கு போட்டு கையெழுத்து போட வேண்டிய வேலை.

காங்கிரீட்தான் வேணும்னு மனசுல முடிவு பண்ணிட்டீங்கன்னா முன்னாடி ரெண்டு தூண் கொடுத்துடுங்க. அதோட அது கான்டிலீவர் இல்ல, சுவர் ஒரு பக்கம் தூண் ஒரு பக்கம்னு எடை பாதிப் பாதியா பிரிஞ்சுடும், கவிழ்க்கிற பேச்சே இல்ல, கம்பியும் வழக்கம் போல கீழ. இதுல பார்க்க வேண்டியது அஸ்திவாரம். வாசப்படி பக்கத்துல இருக்கிறது பெரும்பாலும் வீடு கட்டும்போது கொட்டி நிரப்பின மண்ணு, அது மேல ஒண்ணரை அடி தோண்டி தூணை நிறுத்தினா ரெண்டு மழையில தூண் இறங்கும், வீடு இறங்காது, சேர்ற இடத்துல விரிசல் விடும். நிரப்பின மண்ணைத் தாண்டி கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டணும்.

தூணும் வேண்டாம், தட்டையாவும் வேணும்னா, கட்டின வீட்டுக்கு என்னோட ஓட்டு இரும்பு ஃபிரேமுக்குத்தான். பாக்ஸ் பைப்ல ஃபிரேம் அடிச்சு, மேல பாலிகார்பனேட் ஷீட்டோ கண்ணாடியோ போடுறது. எடையைப் பாருங்க, அதே 4-க்கு 6 அடி, 6 மில்லி பாலிகார்பனேட் 16 கிலோதான், ஃபிரேமோட சேர்த்து 60, 70 கிலோவுல முடிஞ்சுடும். 700 எங்க, 70 எங்க. கண்ணாடிங்கிறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், கண்ணாடியும் காங்கிரீட் அளவுக்கே கனமான பொருள், 12 மில்லி போட்டா சதுர மீட்டருக்கு 30 கிலோ. தலைக்கு மேல வெறும் டஃபன்டு, அதாவது சூடேத்தி பலப்படுத்தின கண்ணாடி, மட்டும் போடக்கூடாது, அது உடைஞ்சா மொத்தமும் துண்டு துண்டா கொட்டும். நடுவுல பிலிம் வச்சு ரெண்டு கண்ணாடிய ஒட்டின லேமினேட்டட்தான் போடணும், அது உடைஞ்சாலும் பிலிம்ல ஒட்டிக்கிட்டு தொங்கும்.

எடை கம்மியானாலும் பக்கெட் கணக்கு விடாது. 70 கிலோ, 2 அடி தள்ளி, திருப்புத்திறன் 140. சுவத்துல அடிக்கிற பிளேட்ல மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவுல அரை அடிதான்னா மேல் போல்ட்டை 280 கிலோ வெளிய இழுக்கும். அதே ஃபிரேம்லேர்ந்து மேல 3 அடி உயரத்துல உள்ள பீமுக்கு சாய்வா ஒரு டை ராடு, அதாவது மேலேர்ந்து இழுத்துப் பிடிக்கிற கம்பி, கொடுத்தா சுவத்தை வெளிய இழுக்கிறது 50 கிலோகூட வராது. ரெண்டு பக்கம் ராடுன்னா ஆளுக்குப் பாதி. ஹோட்டல் வாசல்ல எல்லாம் மேலேர்ந்து சாய்வா ராடு வர்றது அழகுக்கு இல்ல.

போல்ட்டு எதுல இறங்குதுன்னும் பாருங்க. விரிஞ்சு பிடிக்கிற ஆங்கர் போல்ட்டு காங்கிரீட்ல நல்லா பிடிக்கும், செங்கல்ல போட்டு இறுக்கினா செங்கல்லையே பிளந்துடும். பிளேட்டை லிண்டல்லயோ பீம்லயோ உட்கார்ற மாதிரி அமைக்கணும். முடியலைன்னா போல்ட்டை சுவத்தைத் துளைச்சு உள்பக்கம் கொண்டு வந்து அங்க ஒரு பிளேட் வச்சு நட்டு போடணும். ஹால்ல நாலு நட்டு தெரியும்தான், ஒரு சாமி படத்தை மாட்டினா போச்சு.

ஆக, கட்டும்போதே முடிவு பண்ணினா காங்கிரீட் கான்டிலீவர் தாராளமா போடலாம். கட்டினதுக்கு அப்புறம்னா தூண் வச்ச காங்கிரீட், இல்ல டை ராடோட இரும்பு ஃபிரேம்.

கீழேர்ந்து தூக்குற காத்து

லேசான கேனோபிக்கு இன்னொரு எதிரி இருக்கு, காத்து. அது மேலேர்ந்து அமுக்குறதைவிட கீழ புகுந்து தூக்குறதுதான் ஆபத்து. வாசல்ல ரொம்ப மோசம், காத்து சுவத்துல மோதி போக இடமில்லாம மேல ஏறும், அங்க கேனோபி குறுக்க நிக்குது.

கட்டட விதிநூல்ல சென்னைக்குப் போட்டிருக்கிற அடிப்படை காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரை, கோவைக்கு 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்துல வர்ற காத்தோட அழுத்தம் சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 150 கிலோ வருது. அது 10 மீட்டர் உயரத்துக்கு உள்ள கணக்கு, வாசல் உயரத்துல குறையும், இருந்தாலும் ஒரு அளவுக்கு வச்சுக்குங்க, நம்ம 4-க்கு 6 அடி கேனோபி 2.2 சதுர மீட்டர், மேல தூக்குற விசை 330 கிலோ. கேனோபி எடை 70. 2016 டிசம்பர்ல வர்தா புயல் சென்னையில அடிச்சதைப் பார்த்தவங்களுக்கு ஷீட்டுங்க எப்படிப் பறக்கும்னு தனியா சொல்ல வேண்டாம்.

இங்கதான் டை ராடு விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. மெல்லிசான ராடோ கேபிளோ கீழ இழுக்கிறதைத்தான் தாங்கும், கேனோபி மேல எழும்பினா அது தளர்ந்து வளைஞ்சு கொடுத்துடும், தடுக்காது. அதனால கடலோர ஊர்ல, கடலூர் நாகப்பட்டினம் பக்கமெல்லாம், ராடுக்குப் பதிலா நல்ல பைப்பே கொடுக்கிறது புத்திசாலித்தனம், பைப்பு இழுத்தாலும் நிக்கும் அமுக்கினாலும் நிக்கும். ஷீட்டை ஃபிரேமோட பிடிக்கிற ஸ்க்ரூவையும் எண்ணி எண்ணி போடாதீங்க, வாஷர் வச்சு நெருக்கமா அடிக்கச் சொல்லுங்க.

தட்டைன்னா மட்டம் இல்ல

தட்டைத் தளம்னு சொல்றோமே தவிர, எந்தத் தளமும் துல்லியமா மட்டமா இருக்கக் கூடாது, தண்ணி ஓட வாட்டம் வேணும். அடிக்கு கால் இன்ச் கொடுத்தா நல்லா ஓடும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது, பக்கவாட்டுல பட்டிய மட்டமா வச்சு மறைச்சுடலாம்.

வாட்டம் எந்தப் பக்கம்னு முதல்லயே யோசிங்க. வீட்டுப் பக்கமா கொடுத்தா சுவத்துல ஓதம் ஏறும், பூச்சு பொரிஞ்சு கொட்டும். நேரா முன்னாடி கொடுத்தா மழையில வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தர் தலையிலயும் அருவி. ஒரு ஓரமா கொடுத்து அங்க பைப் போட்டு இறக்கிடுறதுதான் சரி. சுவரோட சேர்ற இடத்துல காங்கிரீட்னா மூலைய வளைவா பூசி வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும், ஷீட்னா சுவர் பூச்சுல ஒரு காடி வெட்டி அலுமினியத் தகட்டை உள்ள சொருகி அடைக்கணும். சும்மா சிலிக்கான் பீச்சிட்டுப் போனா வெயில்ல பிரிஞ்சுக்கும், அடுத்த மழைக்கு கதவு மேலயே சொட்டும். காங்கிரீட் கேனோபிக்கு அடிப்பக்கம் விளிம்புலேர்ந்து ஒரு இன்ச் ரெண்டு இன்ச் உள்ள தள்ளி நீளமா ஒரு சின்னக் காடி விடச் சொல்லுங்க, இல்லைன்னா தண்ணி அடியிலயே ஒட்டிக்கிட்டு சுவர் வரைக்கும் ஊர்ந்து வந்துடும், காடி இருந்தா அங்க வந்து சொட்டிடும். செலவே இல்லாத வேலை, அப்பவே சொல்லலைன்னா கிடைக்காத வேலை.

அழகுக்காக மேல சுத்தி அரையடி கட்டை எழுப்புறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்காத ஒண்ணு. ஒரே ஒரு பைப், அதுல வேப்ப இலை அடைச்சா அரையடி தண்ணி நிக்கும். 2.2 சதுர மீட்டர்ல அரையடி தண்ணி 330 கிலோவுக்கு மேல. 700 கிலோ கேனோபி மேல இது கூடுதல் சுமை, அதுவும் கட்டையோட எடை நுனியில. கட்டை வேணும்னா ரெண்டு பைப் போடுங்க, முதல் பைப் அடைச்சா வழிஞ்சு போக ரெண்டு இன்ச் உயரத்துல ஒரு ஓட்டையும் விடுங்க. மத்தபடி பூந்தொட்டி, ஏசி அவுட்டோர் யூனிட், தீபாவளிக்கு சீரியல் லைட் கட்ட ஏறி நிக்கிற ஆள், இதெல்லாம் அது மேல வேண்டாம். ஆள் ஏறாத கூரைக்கு விதிநூல்ல வைக்கச் சொல்ற சுமையே சதுர மீட்டருக்கு 75 கிலோதான், நுனியில ஒருத்தர் நின்னாலே அந்த இடத்துக்கு அது ஆச்சு.

தண்ணி தேங்கினா இன்னொரு கெடுதலும் உண்டு, கம்பி இருக்கிறது மேல்பக்கம், தண்ணி நிக்கிறதும் மேல்பக்கம். சின்ன விரிசல் வழியா இறங்கி நேரா கம்பியத் துரு பிடிக்க வைக்கும். கீழேர்ந்து பார்த்தா பெயின்ட் பளபளன்னு இருக்கும்.

வேலை நடக்கும்போது

பெருசா நீட்டுறதா இருந்தா முன்பக்கம் விட வேண்டிய காலி இடத்துக்குள்ள எவ்வளவு போகலாம்னு உள்ளாட்சி ஆபீஸ்ல கேட்டுடுங்க. 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படிதான் பார்ப்பாங்க. ரோட்டுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா என்னிக்காவது இடிக்கச் சொல்லுவாங்க.

காங்கிரீட் போட்டாச்சுன்னா தண்ணி விடுறது சாதாரண சிமென்ட்டுக்கு குறைஞ்சது 7 நாள். கடையில இப்ப அதிகம் கிடைக்கிற பிபிசி (PPC, சாம்பல் கலந்த சிமென்ட்) சிமென்ட்டுக்கு 10 நாள். மேல சாக்கு விரிச்சு ஈரமாவே வச்சிருக்கணும், காலையில ஒரு வாளி சாயங்காலம் ஒரு வாளிங்கிறது கணக்குல சேராது.

அப்புறம் முட்டு. கான்டிலீவர்ல முட்டைப் பிரிக்க அவசரமே படக்கூடாது, சென்ட்ரிங்காரர் வாடகைக்குக் கத்தினாலும் இன்ஜினியர் சொன்ன நாள் வரைக்கும் நிக்கட்டும். கட்டிக்கிட்டு இருக்கிற வீடுன்னா மேல உள்ள சுவரோ உள்தளமோ, எது அதைப் பிடிக்கப் போகுதோ, அது முழுசா வந்து இறுகினதுக்கு அப்புறம்தான் பிரிக்கணும். லிண்டல் போட்ட ஒரு வாரத்துல, மேல சுவரே வைக்காம முட்டைப் பிரிச்சு சன்ஷேடு அப்படியே உருண்டு விழுறது இதனாலதான். பிரிக்கும்போது நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு சுவரைப் பார்த்து வரணும். சுவத்தோரம் முதல்ல பிரிச்சுட்டு நுனியில முட்டை விட்டா, தளம் நுனிக்கும் சுவத்துக்கும் நடுவுல தொங்கப் பார்க்கும், அப்ப கீழ்பக்கம் இழுபடும், அங்க நாம கம்பியே வைக்கலையே.

பிரிச்ச அன்னிக்கு நுனி ஒரு சில மில்லி இறங்குறது சகஜம், அதுக்காகத்தான் சென்ட்ரிங் அடிக்கும்போதே நுனிய லேசா தூக்கி அடிப்பாங்க. அன்னிக்கும் அடுத்த சில நாளும் மொட்டை மாடியிலேர்ந்து எட்டி, கேனோபி சுவரோட சேர்ற கோட்டை டார்ச் அடிச்சுப் பாருங்க, அடிப்பக்கம் பார்த்து பிரயோஜனம் இல்ல. அந்தக் கோட்டோடயே நீளமா ஒரு விரிசல் ஓடினா பூசி மறைக்க விடாதீங்க, முட்டைத் திரும்பக் கொடுத்துட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்க, அவர் வந்து பார்க்கிற வரைக்கும் எல்லாரும் பின்வாசல் வழியா போய் வரட்டும்.